மூடாத வயிறு

கம்போங் ராஜாவுக்கு மேலே, காட்டை வெட்டிப் போட்ட தேயிலைத் தோட்டத்தில், வேலையாட்கள் வரிசையாகக் குடியிருக்கும் மேல் லயத்தின் கடைசி வீடு செல்லத்தினுடையது. அவளோடு இருந்தவன் தம்பி நாகரத்தினம். கடைசி வீட்டை யாரும் விரும்பிக் கேட்க மாட்டார்கள். காடு ஒட்டி நிற்கும், காற்று நேராக வந்து அடிக்கும். செல்லம் கேட்டு வாங்கினாள். ஏன் என்று கணக்கெழுதும் கிராணி கேட்டதற்குத் தண்ணீர்க்குழாய் பக்கம் என்று சொல்லி வைத்தாள். உண்மை அதுவல்ல. நடு வீடாக இருந்தால் இரண்டு பக்கமும் ஆள் இருக்கும். கடைசி வீடென்றால் நாற்றம் ஒரு சுவரோடு போகும்.

நாகரத்தினம் அடிவயிறு மூடாமல் பிறந்தவன். தொப்புள் இருக்கவேண்டிய இடத்துக்குக் கீழே தோலே கிடையாது. மூத்திரப்பை உள்ளே பையாக இருக்காமல் பிளந்து, வெளியே மலர்ந்து, வெற்றிலை போட்ட வாய் மாதிரி சிவந்து கிடந்தது. அதில் ஊசிமுனை அளவுக்கு இரண்டு கண். அந்த இரண்டிலிருந்தும் நீர் ஊறிச் சொட்டிக்கொண்டே இருக்கும். இரவு பகல் கிடையாது, அடக்கி வைப்பது என்ற பேச்சே கிடையாது. இடுப்பெலும்பும் முன்பக்கம் சேரவில்லை. அதனால் காலை அகட்டி அகட்டித்தான் நடப்பான். லயத்தில் அவனுக்கு வாத்து என்று பெயர். ஆணுக்குரியதும் சரியாக அமையாததால் கல்யாணப் பேச்சை வீட்டில் யாரும் எடுக்கவில்லை. அவனும் எடுக்கவிட்டதில்லை. வேட்டிக்குள்ளே மடித்து மடித்துத் துணி வைத்துக் கட்டி, மேலே ஒரு சாக்கைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவான். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தவர்கள், ஆசுபத்திரி டாக்டரை விட்டால், இந்த உலகத்தில் மூன்றே பேர்: பேறு பார்த்த கிழவி, பெற்ற தாய், செல்லம். அந்த மூவரில் முதல் இருவரும் செத்துப் போயிருந்தார்கள்.

இவர்கள் தாய் மாரியம்மா துறையூர்ப் பக்கத்துக்காரி. புருசன் அங்கமுத்துவோடு கப்பலேறி வந்து, பீடோருக்குக் கீழே ஒரு ரப்பர் தோட்டத்தில் இறங்கினாள். அங்கமுத்து காய்ச்சலில் போனபோது செல்லத்துக்கு ஏழு வயது, நாகரத்தினம் வயிற்றில். அந்த மாதம்தான் கிரகணம் வந்தது. சூரியனைப் பாம்பு பிடித்திருக்கும்போது பிள்ளைத்தாய்ச்சி கத்தியைத் தொடக்கூடாது, எதையும் நறுக்கக்கூடாது. நறுக்கினால் வயிற்றுப் பிள்ளைக்கு அதே இடத்தில் பிளவு விழும் என்பார்கள். மாரியம்மா கதவைச் சாத்திக்கொண்டு படுத்துத்தான் இருந்தாள். செல்லம் பசியில் அழுதாள். மூலையில் ஒரு பப்பாளிப்பழம் பழுத்து மணத்துக்கொண்டு கிடந்தது. அதை வெட்டிக் கொடு என்று காலை உதைத்துக்கொண்டு அழுதாள். அக்கம்பக்கம் கேட்டுவிடப் போகிறதே என்று மாரியம்மா எழுந்து கத்தியை வைத்துக் கீறினாள். பழம் இரண்டாகப் பிளந்து சிவப்பாகக் கிடந்தது. செல்லம் அழுகையை நிறுத்திவிட்டுத் தின்றாள்.

பிள்ளை பிறந்ததும் மாரியம்மா ஒரு தடவை பார்த்தாள். பிறகு செல்லத்தின் முகத்தைப் பார்த்தாள். எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பின்னாளில் செல்லம் நினைத்துக்கொள்வாள்.

கிழவி இது தங்காது என்றாள். தங்கிவிட்டது. கீழே ஆசுபத்திரியில் வெள்ளைக்கார டாக்டர் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டி அனுப்பிவிட்டார். அதன்பிறகு மாரியம்மா மாரியாத்தாளுக்கு நேர்ந்துகொண்டாள்: வயிற்றை மூடிக் கொடு, அவன் கையிலேயே தீச்சட்டி ஏந்தி உன் சந்நிதிக்குள் வரவைக்கிறேன் என்று. ஏனென்றால் ஓயாமல் ஒழுகுகிற உடம்போடு அவன் கோவிலுக்குள் காலெடுத்து வைத்ததில்லை. திருவிழாவில் எல்லோரும் உள்ளே போவார்கள். அவன் கொடிமரத்துக்கும் இந்தப்பக்கம் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வான்.

ஒவ்வொரு நாள் காலையும் துணி மாற்றும்போது, "மூடுதாடி?" என்று மாரியம்மா கேட்பாள். அவளுக்குக் கண் மங்கிய பிறகு செல்லம்தான் பார்த்துச் சொல்லவேண்டும். "இன்னும் இல்லம்மா" என்பாள். செல்லத்தைச் சுங்கை ஊரில் ஒருவனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். நல்ல மனிதன்தான், மாரியம்மாவின் சின்னம்மா பேரன். தாய்க்குக் கண் போனதும் செல்லம் திரும்பி வந்தாள். அவன் வந்து கூப்பிட்டுப் பார்த்தான், அவள் போகவில்லை. அவன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். அந்தப் பிள்ளைகள் வழி இன்னும் சுங்கையில் இருக்கிறது.

மலையில் தேயிலை போடுகிறார்கள், ஆள் எடுக்கிறார்கள் என்றதும் செல்லம்தான் போகலாம் என்றாள். கீழே வெயில். வெயிலில் நாகரத்தினத்தின் துணி காய்ந்து காய்ந்து நாறும், ஈ மொய்க்கும். பக்கத்து மரத்தில் பால் வெட்டுகிறவன் மூக்கைப் பொத்துவான். மலையிலோ ஓயாத மழை, மழை இல்லாவிட்டால் மூட்டம். நிரையில் நிற்கிற அத்தனை பேருக்கும் இடுப்புக்குக் கீழே நனைந்துதான் இருக்கும். அந்தக் கூட்டத்தில் அவன் நனைவு யாருக்குத் தெரியும்? கவ்வாத்து வெட்டும் வேலை கேட்டு வாங்கிக்கொண்டான். ஆளுக்கொரு நிரை, தனியாக நின்று செடியை மட்டமாக வெட்டிக்கொண்டே போகலாம். முதல் மழைக்காலத்தில் அவன் சிரித்த சிரிப்பை செல்லம் அதுவரை பார்த்ததில்லை.

மாரியம்மா அந்த மலையில்தான் இறந்தாள். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அவள் கேள்வி நிற்கவில்லை. காலையில் செல்லம் துணியை அவிழ்க்கும்போது, முதுகுக்குப் பின்னால், அடுப்படிப் பக்கமிருந்து, "மூடுதாடி?" என்று வரும். சத்தமாக அல்ல, பல்லில்லாத வாயில் முனகுகிற மாதிரி. முதலில் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பிறகு பழகிவிட்டது. "இன்னும் இல்லம்மா" என்று மனதுக்குள் சொல்லிவிட்டுத் துவைக்கப் போவாள்.

அப்புறம் ஜப்பான்காரன் வந்தான். வெள்ளைக்காரத் துரை ஒரே இரவில் காரை எடுத்துக்கொண்டு ஓடினான். தேயிலையை வாங்க ஆளில்லை. பாதித் தோட்டத்தைப் பிடுங்கிப்போட்டு மரவள்ளி நடச் சொன்னார்கள். அரிசி போயிற்று, உப்பு போயிற்று. எல்லாருக்கும் சோறுதான் கவலை. செல்லத்துக்குத் துணிதான் கவலை. கடையில் ஒரு முழம் கிடையாது. ஆண்கள் சாக்கைக் கட்டிக்கொண்டு திரிந்தார்கள், சில வீட்டில் தாயும் மகளும் ஒரே சேலையை மாற்றி மாற்றிக் கட்டினார்கள். அப்படிப்பட்ட காலத்தில் ஒரு ஆளுக்கு நாள் முழுவதும் துணி மாற்றிக்கொண்டே இருக்கவேண்டுமென்றால் எங்கே போவது? செல்லம் தன் கல்யாணச் சேலையைக் கிழித்தாள். தாயின் சேலையைக் கிழித்தாள். கம்போங் ராஜாவில் கடை வைத்திருந்த ஷம்சுதீன் ராவுத்தர் கோதுமை மாவு வந்த பழைய பைகளைத் துவைத்துக் கொடுத்தார், எதற்கென்று கேட்காமல். அதுவும் தீர்ந்தபிறகு சாக்குத்தான். சாக்கு அந்தச் சிவந்த சதையில் உரசினால் ரத்தம் கசியும். கடைசியில் செல்லம் காட்டுக்குள் போய், மரத்தில் படர்ந்து தொங்குகிற பாசியைச் சுமை சுமையாக அள்ளிவந்து அடுப்புக்கு மேலே காயவைத்தாள். மெத்தென்று இருக்கும், நீரை இழுத்துக்கொள்ளும். நாகரத்தினம், "காட்டையே கட்டிக்கிட்டு நிக்கறேன்" என்று சிரித்தான்.

அந்தப் பாசியை எடுத்துப் போடும்போதுதான் ஒரு நாள் அவன் அக்காவைக் கூப்பிட்டான்.

"அக்கா, இதப் பாரு. வலது ஓரத்துல."

செல்லம் குனிந்தாள். சிவந்த சதையின் வலது ஓரத்தில் கோழிக்கொண்டை மாதிரி புதிதாகச் சதை முளைத்திருந்தது. அந்தப் பக்கத்து ஊசிக்கண்ணைக் காணோம். சொட்டு ஒரு பக்கமிருந்துதான் வந்தது.

"வலிக்குதா?"

"கொஞ்சங்கூட இல்ல. அதாங்க்கா அதிசயம்."

அன்றைக்கு முதுகுக்குப் பின்னால் கேள்வி வந்தபோது செல்லம் வாய்விட்டுச் சொன்னாள்: "மூடுதும்மா." நாகரத்தினம் யாரிடம் பேசுகிறாய் என்று கேட்கவில்லை. அடுப்படியில் எதுவும் முனகவில்லை. அதற்குப் பிறகு பல நாள் அந்தக் குரல் வரவேயில்லை. தாய்க்கு நிம்மதி வந்துவிட்டது என்று செல்லம் எடுத்துக்கொண்டாள். ஏழு வயதிலிருந்து நெஞ்சில் கிடந்த பழம் கரைகிற மாதிரி இருந்தது அவளுக்கு.

சதை வளர்ந்தது. வாரத்துக்கு வாரம் வளர்ந்தது. துணியில் நீர் குறைந்தது. ஆனால் கஞ்சித்தண்ணி மாதிரி ஒரு கொழகொழப்பு வர ஆரம்பித்தது. நாற்றமும் மாறியது. இத்தனை வருசம் துவைத்த கைக்கு அது தெரியாமல் போகுமா? பழைய அழுக்கெல்லாம் வெளியேறுகிறது, வெளியேறினால்தானே மூடும் என்று சொல்லிக்கொண்டாள். கங்காணி சின்னையாதான் கோவில் பூசையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் போய், ஆடித் திருவிழாவில் தம்பி தீச்சட்டி எடுக்கிறான் என்று பெயர் கொடுத்தாள். சின்னையா தயங்கினார். செல்லம் விசயத்தை மெதுவாகச் சொன்னாள். அவர் காட்டச் சொல்லவில்லை. ஆத்தா கொடுத்ததை நான் எதற்குச் சோதிக்கவேண்டும் என்றார்.

திருவிழாவுக்கு முன்னால், ஆள் கணக்கெடுக்கும் அந்தப் பிரட்டு வந்தது. சயாமில் ரயில் போடுகிறார்கள், ஆள் வேண்டும் என்று ஜப்பான்காரன் தோட்டம் தோட்டமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். காலையில் பெயர் கூப்பிடும் களத்தில் ஆண்களையெல்லாம் வரிசையாக நிறுத்தினார்கள். தோட்டத்தில் மருந்து கட்டும் டிரஸ்ஸர் அகஸ்டின் ஒவ்வொருவராக உடம்பு பார்த்தார். நோஞ்சான், கிழவன் போக மிச்சமெல்லாம் லாரி. நாகரத்தினம் முறை வந்தபோது பின்னாலிருந்து ஒருவன், "வாத்த அனுப்பினா ரயிலு ஆத்துலதாண்டா ஓடும்" என்றான். அந்த நேரத்திலும் நாலு பேர் சிரித்தார்கள். சாக்கை அவிழ் என்று ஜப்பான்காரன் கம்பால் தட்டினான். நாகரத்தினம் இரண்டு கையாலும் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான், அவிழ்க்கவில்லை. அடிக்கக் கை ஓங்கியபோது அகஸ்டின் குறுக்கே வந்து, இவனுக்குத் தொத்துநோய் இருக்கும்போல, நான் மறைவில் பார்க்கிறேன் என்று அரைகுறை ஜப்பான் பேச்சில் சொல்லி மருந்துக் கொட்டகைக்குள் கூட்டிப்போனார். வெளியே வந்தபோது அவர் முகம் சரியில்லை. இவன் ஆகமாட்டான் என்று கையை ஆட்டிவிட்டார். லாரி கிளம்பியது. அன்றைக்குப் போனவர்களில் இரண்டு பேரோ மூன்று பேரோதான் பிற்காலத்தில் திரும்பினார்கள், அதுவும் ஆளாக அல்ல.

அன்று மத்தியானம் அகஸ்டின் கடைசி வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. அவர் தகப்பன்வழி ஆட்கள் கீழ்த்தோட்டத்தில் வேதப் பிரசங்கம் செய்த கிறிஸ்தவர்கள், மரியாதையான குடும்பம். செல்லம் பாலில்லாத கட்டஞ்சாயா கொடுத்தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"செல்லம்மா, கோவப்படாமக் கேளு. அது மூடல. வளருது."

"சதை வளந்தாத்தான ஐயா மூடும்."

"இது அந்தச் சதை இல்லம்மா. உள்ள இருக்கவேண்டிய சவ்வு பொறந்ததுலேருந்து வெளிய கெடக்கு. துணி ஒரசி ஒரசி, நீர் பட்டுப் பட்டு, வயசு நாப்பதுகிட்ட ஆகறப்ப இப்படித் திரும்பிரும். பெரிய டாக்டர் ஒருத்தர் சொல்லக் கேட்டிருக்கேன். புத்துநோய் இது."

"நீங்க வேதக்காரங்க. எங்க ஆத்தா குடுக்கறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உங்க ஆத்தாவ நான் ஒண்ணும் சொல்லல. சதையத்தான் சொல்றேன்."

தாப்பாவில் ஒரு தமிழ் டாக்டர் இன்னும் இருக்கிறார், காய்கறி லாரி கீழே போகும்போது கூட்டிப்போகலாம், அனுமதிச் சீட்டு நான் வாங்கித் தருகிறேன் என்றார். போனால் சரியாகிவிடுமா என்று செல்லம் கேட்டாள். அகஸ்டின் பொய் சொல்லத் தெரியாத மனிதர். சொல்ல முடியாது என்றார். வெட்டியெடுக்கப் பார்ப்பார்கள், தாங்கினால் தாங்கலாம்.

வெட்டுவது என்ற சொல் விழுந்ததும் செல்லம் எழுந்துவிட்டாள். கத்தியால் வந்ததை மறுபடி கத்தியிடம் கொண்டுபோவதா? தம்பியைப் பார்த்தாள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான்.

"லாரியில ஏறுனவன் எவன் திரும்பி வரப்போறான்?" என்றான். "நான் சட்டி எடுத்துட்டு அப்புறம் பாக்கலாம் ஐயா."

அகஸ்டின் சாயாவைக் குடிக்காமலே வைத்துவிட்டுப் போனார்.

ஆடித் திருவிழா அந்த வருசம் பெரிதாக இல்லை. மேளமில்லை, பாலில்லை, ஒரே ஒரு தேங்காய். தீச்சட்டிக்குக் கவ்வாத்துக் குச்சிகளை எரித்துக் கரி எடுத்தார்கள். செல்லம் தம்பியை ஓடையில் தலைமுழுக வைத்து, மாவுப்பை வெளுத்ததில் தைத்து வைத்திருந்த ஒரே ஒரு வேட்டியைக் கட்டினாள். உள்ளே பாசியை இரண்டு மடங்காக வைத்து இறுக்கினாள். மஞ்சள் தடவிய கையில் வேப்பிலையை விரித்து அதன்மேல் சட்டியை ஏந்தினான். காலை அகட்டி அகட்டி அந்த மேட்டில் ஏறினான். அன்றைக்கு யாரும் வாத்து என்று சொல்லவில்லை. மூட்டத்துக்குள் அந்த நெருப்பு மட்டும் தானாக மேலே போகிற மாதிரி இருந்தது என்று அடுத்த வீட்டு மணியம்மா சொல்லுவாள்.

கொடிமரத்தைத் தாண்டினான். உள்ளே வலது காலை வைத்தான். சின்னையா தீபாராதனை காட்டினார். நாகரத்தினம் கண்ணை மூடாமல் அம்மன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். நாற்பது வயசு மனிதன் முதல்முறையாகப் பக்கத்தில் பார்க்கிறான். செல்லம் அவன் பின்னால் நின்றாள். அப்போதுதான் வேட்டியின் கீழோரம் சிவந்தது. சிவப்பு மெல்ல விரிந்து, கெண்டைக்காலில் ஒழுகி, சந்நிதியின் கல்லில் சொட்டியது.

பெண்கள் பின்வாங்கினார்கள். சின்னையா தீபத்தட்டை இறக்காமலே, ஆத்தா பலி ஏற்றுக்கொண்டாள் என்று சத்தமாகச் சொன்னார். சிலர் குலவை போட்டார்கள். நாகரத்தினம் சட்டியை இறக்கிவைத்துவிட்டுத் திரும்பி அக்காவைப் பார்த்தான். செல்லத்துக்கு அந்த வாடை மூக்கில் ஏறிவிட்டது. நீர் வாடை இல்லை, காயம் ஆறுகிற வாடை இல்லை. இத்தனை நாள் அழுக்கு வெளியேறுகிறது என்று தனக்குத் தானே சொல்லி வைத்த அதே வாடை, இப்போது ரத்தத்தோடு. அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து வேட்டியை அவிழ்த்தபோது, அடுப்படியிலிருந்து மறுபடியும் வந்தது. "மூடுதாடி?" செல்லம் வேட்டியைச் சுருட்டிக்கொண்டு ஓடைக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து அது ஒரு தடவையோடு நிற்கவில்லை. துவைக்கும்போது கேட்டது, கிழங்கு தோண்டும்போது கேட்டது.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. வலது விலாவில் வலி வந்து அவனைச் சுருட்டிப் போட்டது. குளிர்காய்ச்சல் தூக்கித் தூக்கி அடித்தது. செல்லம் தானாகவே அகஸ்டினைக் கூப்பிட்டு வந்தாள். அவர் அழுத்திப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கத்து நீர் வரும் வழியைச் சதை அடைத்துவிட்டது, நீர் பின்னாலேயே தேங்கி, நீரைப் பிரிக்கிற குண்டிக்காய் வீங்கியிருக்கிறது என்றார். இடுப்போரம் நெறி கட்டி விளாங்காய் மாதிரி இருந்தது. இப்போதாவது லாரியில் கொண்டுபோகலாமா என்று செல்லம் கேட்டாள். அவர் அவளை நிமிர்ந்து பார்க்காமல், வழியிலேயே போய்விடுவான் என்றார். அன்றைக்கே கொண்டுபோயிருந்தால் என்று அவள் கேட்கவில்லை. கைவசம் இருந்த வலி மருந்தில் பாதியைக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தக் காலத்தில் அது தங்கம்.

நாகரத்தினம் மெலிந்து கூடாகிவிட்டான். ஒரு சாயங்காலம் வலி கொஞ்சம் விட்டிருந்தது. வெளியே மழை. செல்லம் பாசியை மாற்றிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒரு பப்பாளி கெடைச்சாத் தின்னலாம்போல இருக்கு" என்றான்.

செல்லத்தின் கை நின்றுவிட்டது. அந்த வீட்டில் பப்பாளி வாங்கியதே கிடையாது. அந்தப் பேச்சே கிடையாது.

"அம்மா சொன்னா" என்றான். "நீ புருசன் வீட்டுல இருந்தப்ப. துணி மாத்தறப்பல்லாம் சொல்லுவா."

"எல்லாத்தையுமா?"

"நீ அழுததையும்."

அவள் தான் திரும்பி வந்த பதினைந்து வருசத்துக்கும் பின்னால் போய், அவன் தன்னைப் பார்த்த ஒவ்வொரு பார்வையையும் தேடினாள். எதிலும் எதுவும் இல்லை. அல்லது இருந்தும் அவளுக்குத் தெரியவில்லை.

"தெரிஞ்சும் ஏண்டா கேக்கல?"

"கேட்டா நீ போயிடுவ. நீ வந்ததே போதும்னு இருந்துட்டேன்."

மன்னித்தானா இல்லையா என்பது அந்த வார்த்தையில் இல்லை. செல்லம் அதைப் பிறகு எத்தனையோ விதமாகப் புரட்டிப் பார்த்தாள், அகப்படவில்லை. தீபாவளிக்கு முந்தின வாரம் அவன் போய்விட்டான்.

ஆண் செத்தால் ஆண்கள்தான் குளிப்பாட்டவேண்டும். லயத்து முன்னால் பலகையில் கிடத்தி, பங்காளிகள் தண்ணீர் ஊற்றுவார்கள். பங்காளி இல்லையென்றால் லயத்து ஆண்கள். சின்னையா நாலு பேரோடு வந்து பலகையைப் போட்டார். செல்லம் கதவை மறித்துக்கொண்டு நின்றாள். உயிரோடு இருந்தபோது கம்பை ஓங்கியும் அவிழ்க்காதவன். செத்தபிறகு லயமே பார்க்க விடுவேனா என்றாள். இதென்ன முறை, பொம்பளை தொட்டால் அந்தக் குளிப்பு கணக்கில்லை, குளிக்காமல் போனவன் அலைவான் என்று சின்னையா எடுத்துச் சொன்னார். அலையட்டும் என்றாள் செல்லம். கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டது. வெளியே கொண்டுவந்தபோது கழுத்திலிருந்து கால்வரை சுற்றி, முடிச்சுமேல் முடிச்சாகத் தைத்திருந்தாள். புருசனில்லாத அந்த வீட்டின் கடைசிச் சேலை அது.

புதைத்த சில நாளிலேயே பேச்சு ஆரம்பித்தது. கவ்வாத்து மலையில் மூட்டம் இறங்கும்போது யாரோ காலை அகட்டி நடக்கிறார்கள் என்று ஒருவன் சொன்னான். செடி வெட்டுகிற சத்தம் கேட்டது, போய்ப் பார்த்தால் ஆளில்லை என்றான் இன்னொருவன். அந்த நிரைக்கு யாரும் தனியாகப் போக மறுத்தார்கள். சின்னையா, நான் சொன்னேனா இல்லையா என்றார். ஒரு சேவலை அறுத்து அந்தப் பாதையில் ரத்தம் தெளித்தார். அப்படியும் பார்த்தவர்கள் கூடிக்கொண்டே போனார்கள்.

பார்க்காதவள் செல்லம் ஒருத்திதான்.

அவள் தினமும் போனாள். மூட்டம் இறங்குகிற நேரமாகப் பார்த்துக் கிழங்குக் கூடையோடு அந்தப் பாதையில் நிற்பாள். அடுப்படிக் குரல் அவன் செத்த அன்றே நின்றுபோயிருந்தது. வீடு அவ்வளவு அமைதியாக இருந்ததில்லை. தாய் போன இடத்துக்கு அவனும் போய்விட்டான் என்றால், அங்கே யார் யாரிடம் என்ன கேட்டிருப்பார்கள்? செத்த பிறகாவது அந்த வயிறு மூடியதா? அது ஒன்றுதான் அவளுக்குத் தெரியவேண்டும். அவனைப் பார்த்ததாக யார் சொன்னாலும் தேடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். எந்தப் பக்கம் பார்த்தான், பேசினானா என்றெல்லாம் கேட்கமாட்டாள். வேட்டி நனைந்திருந்ததா, காய்ந்திருந்ததா என்று மட்டும் கேட்பாள். அதைக் கவனித்தவன் எவன்? ஆள் உருவம் தெரிந்ததுமே ஓடிவந்தவர்கள்தானே. அவர்கள் விழிப்பார்கள். அவள் எழுந்து போய்விடுவாள்.

மணியம்மா ஒரு நாள் விறகு பொறுக்கப் போய், முழங்கால் சிராய்த்துக்கொண்டு ஓடிவந்தாள். உதடு வெளுத்திருந்தது. செல்லம் அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்து, சுடுதண்ணீர் கொடுத்து, காயத்தைக் கழுவினாள். கழுவிக்கொண்டே கேட்டாள்.

"வேட்டி எப்படி இருந்துச்சு மணி?"

மணியம்மா ஒன்றையும் பார்க்கவில்லை. ஏதோ அசைந்தது, ஓடிவந்துவிட்டாள், அவ்வளவுதான். ஆனால் அடுத்த வீட்டில் இருந்து இந்த வீட்டின் துணிகளை இத்தனை காலம் பார்த்தவள். கேள்வி எதற்கென்று அவளுக்கு மட்டும் புரிந்திருந்தது. இவள் மனசு ஆறட்டுமே என்று நினைத்தாள்.

"காஞ்சிருந்துச்சுக்கா. நல்லா வெளுத்த வேட்டி. ஒரு சொட்டு ஈரமில்ல."

செல்லம் காயத்தில் மஞ்சள் வைத்துக் கட்டினாள். முடிச்சை இறுக்கிவிட்டு, கிழித்த துணியின் மிச்சத்தை மடித்து வைத்தாள்.

"அப்ப அது அவன் இல்ல" என்றாள்.

அதன்பிறகு மணியம்மா அந்தப் பாதையில் பயமில்லாமல் விறகு பொறுக்கப் போனாள். செல்லம்தான் அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டாள்.